தினமும் தீட்டிய கத்தி

1841-இல் ஜான் ஜோசப் மெச்சி என்ற லண்டன் வியாபாரி எசெக்ஸ் மாவட்டத்தின் டிப்ட்ரீ ஹீத் பகுதியில் சுமார் 130 ஏக்கர் நிலம் வாங்கினார். அந்த மாவட்டத்தில் விளைச்சல் மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்று அது. அவர் ஆழமாக வடிகால் வெட்டினார், நீராவி இயந்திரம் நிறுவினார், மாட்டுச் சாணத்தைக் கரைத்துக் குழாய் வழியே வயலுக்குப் பாய்ச்சினார். முறையாகச் செலவழித்தால் பொட்டல் மண்ணும் பணம் கொடுக்கும் என்று உலகத்துக்குக் காட்டுவது அவர் நோக்கம். இந்தச் செலவுக்கெல்லாம் பணம் சவரக்கத்தி தீட்டும் தோல்வாரிலிருந்து வந்தது. லெடன்ஹால் தெருவில் கடை வைத்து, ‘மாய வார்’ என்று பெயரிட்டு விற்ற ஒரே சரக்கில் பத்து ஆண்டுகளுக்குள் பெரும் சொத்து சேர்த்தவர் அவர்.

வார் விற்றே பண்ணை வாங்க முடிந்ததென்றால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் எத்தனை வீடுகளில் தினமும் கத்தி தீட்டியிருப்பார்கள்! சவரத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தாடியையும் மீசையையும் நாகரிகத்தையும் பற்றியே எழுதிவிட்டுப் போகிறார்கள். கத்தியில் கூர் எப்படி நின்றது, யார் அதை நிற்க வைத்தார்கள் என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. மூன்று தலைமுறைக்கு முன்புவரை சவரக்கத்தி என்பது வாங்கியதும் முடிந்துவிடும் பொருளாக இருக்கவில்லை. எஃகு உருக்கியவர், அடித்தவர், சாணை பிடித்தவர் என்று பலர் கை பட்டு வந்தாலும் கடைசி வேலை வாங்கியவர் கையில்தான் இருந்தது. அதையும் அவர் ஒவ்வொரு நாளும் செய்தாக வேண்டும். ஷெபீல்டில் செய்த பல கத்திகளின் வால்பகுதியில் ‘தீட்டப்பட்டது, உடனே பயன்படுத்தலாம்’ என்ற பொருளில் முத்திரை குத்தியிருப்பார்கள். அப்படித் தனியாகச் சொல்ல வேண்டியிருந்ததே வழக்கம் என்னவாக இருந்தது என்பதைக் காட்டிவிடுகிறது.

ஐரோப்பாவில் நெடுங்காலம் சவரம் நாவிதரின் வேலை. கல்லும் வாரும் அவரிடம், முகம் மட்டும் வாடிக்கையாளருடையது. வசதி படைத்தவர்கள் தாங்களே செய்துகொள்ளத் தொடங்கியது மெதுவாக நடந்த மாற்றம். லண்டனில் கடற்படை நிர்வாகத்தில் அதிகாரியாக இருந்தவரும் நாட்குறிப்பால் புகழ்பெற்றவருமான சாமுவேல் பீப்ஸ் 1662-இல் நுரைக்கல்லால் முகத்தைத் தேய்த்துப் பார்த்தார். 1664 ஜனவரியில் கத்திக்கு மாறினார். நேரமும் காசும் மிச்சமாவதால் இனி இதையே தொடரலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்.

நூறு ஆண்டு கழித்து இந்தப் பழக்கத்துக்கு ஒரு பாடநூலே வந்துவிட்டது. பாரீஸைச் சேர்ந்த கத்தித் தொழிலாளி ழான் ழாக் பெரே, ஒருவர் தனக்குத்தானே சவரம் செய்துகொள்வது எப்படி என்று 1769-இல் ஒரு புத்தகம் எழுதினார். கத்தியைத் தேர்ந்தெடுப்பது, கல்லில் தீட்டுவது, வாரில் இழுப்பது எல்லாம் அதில் உண்டு. தச்சரின் இழைப்புளியைப் போல மரக்காப்பு பொருத்திய ஒரு கத்தியையும் அவர் செய்தார். பின்னாளில் வந்த பாதுகாப்பு ரேஸருக்கு அதுவே முன்னோடி. தொழில் ரகசியத்தைப் பொத்திவைத்துப் பிழைக்க வேண்டிய கைவினைஞர் ஒருவர் அதை அச்சில் ஏற்றிப் பொதுவில் வைத்தது பெரிய காரியம். ஷெபீல்டில் கத்தித் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராக இருந்த எபினேசர் ரோட்ஸும் 1824-இல் சவரக்கத்தியைத் தேர்வதும் பேணுவதும் பற்றி அதே போல ஒரு சிறு நூல் எழுதினார்.

வீட்டில் தீட்டுவது சாத்தியமாக வேண்டுமானால் முதலில் தீட்டத் தகுந்த எஃகு வேண்டும். பழைய முறையில் செய்த எஃகில் கரி சீராகப் பரவியிருக்காது. கத்தியின் வாய் ஓரிடத்தில் கெட்டியாகவும் அடுத்த இடத்தில் மெதுவாகவும் இருக்கும். டான்காஸ்டரில் கடிகாரம் செய்துகொண்டிருந்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மனுக்குக் கடிகார வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்கவில்லை. ஷெபீல்டு அருகே ஹாண்ட்ஸ்வொர்த்துக்குக் குடிபெயர்ந்து, 1740-களில் களிமண் மூசைக்குள் எஃகை முழுவதுமாக உருக்கி வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். உள்ளூர்க் கத்திக்காரர்கள் இந்த எஃகு அடிக்க வராத அளவுக்குக் கெட்டியானது என்று ஒதுக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வாங்கினார்கள். பிரெஞ்சுக் கத்திகள் இங்கிலாந்துச் சந்தையில் வந்து இறங்கிய பிறகுதான் ஷெபீல்டு விழித்துக்கொண்டது.

மூசையில் எஃகு உருக்குவது தென்னிந்தியாவில் அதற்கு மிக முன்பே இருந்த தொழில். இரும்புத் துண்டோடு ஆவாரங்கட்டைச் சில்லுகளையும் எருக்கிலையையும் களிமண் மூசையில் வைத்து மூடி, கரி உலையில் துருத்தி ஊதுவார்கள். கட்டையின் கரி இரும்பில் ஏறி எஃகாகும். இந்தக் கட்டிகளுக்கு ஐரோப்பாவில் ‘ஊட்ஸ்’ என்று பெயர். பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட் அதன் மாதிரிகளை லண்டனில் அறிவியல் கழகத் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு அனுப்பினார். 1795-இல் ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். கட்டியை அடித்துப் பார்க்கக் கொடுத்தது ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக் கடைக்காரரிடம். அவர் முதலில் ஒரு பேனாக்கத்தி செய்தார். பிடித்துப்போய்விட்டது. அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் இந்திய ஊட்ஸ் எஃகில் செய்து தருவதாகவும், ஒப்பிட்டுப் பார்த்ததில் ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட அதுவே மேல் என்றும் தன் கடை அட்டையில் அச்சிட்டார்.

இந்த ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து உழைத்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தில் பேர் வாங்குவதற்கு முன்பு அவர் செய்த பெரிய வேலை இது. 1819-இல் ஊட்ஸைப் பகுத்தாய்ந்தார். அலுமினியம்தான் அதன் சிறப்புக்குக் காரணம் என்று கருதினார். கரிதான் காரணம் என்பது பின்னால் தெளிவாயிற்று. 1820-லும் 1822-லும் இருவரும் எஃகோடு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் முதலியவற்றைக் கலந்து பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். அப்படி உருக்கிய எஃகில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்ததுண்டு. பிறகு பல பத்தாண்டுகள் ஷெபீல்டுக் கத்திகளில் ‘வெள்ளி எஃகு’ என்ற முத்திரை தொடர்ந்தது.

சென்னை மாகாணத்துக்கும் ஷெபீல்டுக்கும் இன்னொரு முடிச்சும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டு 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசியா மார்ஷல் ஹீத், சேலத்துக் கனிமத்தையும் நம் ஊர் எஃகுத் தொழிலையும் நெருங்கிப் பார்த்தவர். ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் வைத்துச் செய்யும் முறையை விரிவாக எழுதியவர்களில் அவரும் ஒருவர். இங்கிலாந்து திரும்பியதும் மூசை எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். விலை உயர்ந்த ஸ்வீடன் இரும்பையே நம்பியிருந்த ஷெபீல்டு, உள்நாட்டு இரும்பிலும் நல்ல எஃகு செய்ய அது வழி காட்டியது. ஆலைக்காரர்கள் முறையைச் சற்றே மாற்றிக்கொண்டு உரிமைத்தொகை கொடுக்காமல் நழுவினார்கள். அவர் இறந்த பிறகும் வழக்கு நடந்து பிரபுக்கள் சபைவரை போனது. அநியாயமாகவே முடிந்த கதை அது.

எஃகை அடித்து, காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, பதம் இறக்கிய பிறகு சாணை. ஷெபீல்டில் சவரக்கத்திக்கு ஈரக்கல்லிலும் உலர்ந்த கல்லிலும் மாறி மாறிச் சாணை பிடித்தார்கள். குனிந்து உட்கார்ந்து பிடிக்கும்போது கல்தூசியும் எஃகுத்தூசியும் நேரே மூக்கில் ஏறும். சாணைக்காரர் இருமல் என்ற நுரையீரல் நோயில் நாற்பது வயதுக்குள் செத்தவர்கள் ஏராளம். ஷெபீல்டு மருத்துவர் ஆர்னால்டு நைட் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இதை எழுதிக் காட்டினார். வீட்டில் ஒருவர் நிம்மதியாகத் தீட்டிய கத்திக்குப் பின்னால் இந்த விலையும் இருந்தது.

பழைய கத்திகள் ஆப்பு வடிவத்தில் தடித்தவை. கற்சக்கரங்கள் சிறிதாகச் சிறிதாகப் பக்கங்களில் குழிவு கூடியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் வுப்பர் நதிக்கரையிலுள்ள சோலிங்கன் சாணைக்காரர்கள் இந்தக் குழிவை அதன் எல்லைக்கே கொண்டுபோனார்கள். அவர்கள் செய்த கத்தியின் அலகு வாய்ப்பக்கத்தில் காகிதம் போல மெலிந்திருக்கும். நகத்தால் லேசாகத் தட்டினால் ஒலிக்கும்.

இனி கல். தென்கிழக்கு பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வீல்சாம் ஊரைச் சுற்றி, ‘கோட்டிக்யூல்’ என்ற மஞ்சள் கல் கிடைக்கிறது. ஏறக்குறைய 48 கோடி ஆண்டுக்கு முற்பட்ட களிமண் படிவு இறுகி உண்டான பாறை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பொடிகளாகக் கோமேதக வகை மணிகள் நிறைந்திருக்கின்றன. கூர்முனை குத்தாமல் பல பட்டைகளோடு உருண்டை வடிவில் இருப்பதால் அவை எஃகை விரைவாக அரித்தாலும் ஆழக் கீறுவதில்லை. சவரக்கத்திக்கென்றே படைத்தது போன்ற குணம். ஆனால் படலம் சில சென்டிமீட்டர் கனம்தான். சுரங்கம் குடைந்து வெட்டி எடுத்து, அறுத்து, உடையாமலிருக்க அடியில் பலகைக்கல் ஒட்டி உலகம் முழுவதும் அனுப்பினார்கள். ஜெர்மனியின் துரிங்கியாவில் சோனபெர்க் ஊரிலிருந்து எஷர் நிறுவனம் அனுப்பிய பலகைக்கற்களும் அதே அளவு பேர் பெற்றவை.

கல்லில் கத்தி வைக்கும் முறையில்தான் இந்தக் கருவியின் சூட்சுமம் புரியும். அரிவாளோ சமையல் கத்தியோ தீட்டும்போது எத்தனை சாய்வில் பிடிப்பது என்பது கைப்பழக்கம். சவரக்கத்தியை அப்படிச் சாய்ப்பதில்லை. நனைத்த கல்லில் அப்படியே படுக்க வைப்பார்கள். முதுகும் வாயும் ஒரே சமயத்தில் கல்லைத் தொடும். முதுகின் கனத்துக்கும் அலகின் அகலத்துக்கும் உள்ள விகிதமே கோணத்தைத் தீர்மானித்துவிடுகிறது. பெரும்பாலும் அது 15 முதல் 18 டிகிரி. முப்பது வருடம் தீட்டிக் கத்தி தேய்ந்தாலும் வாயோடு முதுகும் சேர்ந்தே தேய்வதால் கோணம் பெரிதாக மாறாது. இதை முதலில் யோசித்த கைவினைஞர் யாரென்று தெரிந்தால் ஊர் நடுவில் சிலை வைக்கலாம்.

தீட்டுபவர் வாய் முன்னால் போகும்படி தள்ளுவார். அழுத்தம் கூடாது, கத்தியின் எடையே போதும். அலகு கல்லின் அகலத்தைவிட நீளமாக இருப்பதால் அடியிலிருந்து நுனிவரை குறுக்காக இழுத்தபடி போக வேண்டும். கோடியில் நின்று, முதுகைக் கல்லிலிருந்து எடுக்காமலே புரட்டி மறுபக்கம் திரும்புவார். வாய்ப்பக்கமாகப் புரட்டினால் அதுவரை செய்த வேலை அத்தனையும் போய்விடும். கல்லின் மேல் தண்ணீர் மெல்லச் சாம்பல் நிறமாகும், வாயின் முன்னால் ஒரு கோடாகத் திரண்டு ஓடும். நீர் அலகின் மேல் ஒரே சீராக ஏறி வந்தால் வாய் முழு நீளத்துக்கும் கல்லைத் தொடுகிறது என்று பொருள். பிறகு நனைத்த கட்டைவிரல் நகத்தின் மேல் வாயை எடையின்றி இழுத்துப் பார்ப்பார்கள். வழுக்கிப் போனால் மழுக்கம், தடுக்கித் தடுக்கிப் போனால் பிசிர் அல்லது பிளவு, இழுக்கும் உணர்வு ஒரே மாதிரி வந்தால் பதம் சரி.

கல் சில மாதங்களுக்கு ஒருமுறைதான். அன்றாட வேலை வாரின் பொறுப்பு. முதலில் துணிப்பட்டை, பிறகு தோல். இங்கே திசை தலைகீழ். முதுகு முன்னே போகும், வாய் பின்னே இழுபடும். மாறினால் வார் அறுபடும். வாரைத் தொய்யவிட்டால் வாய் உருண்டு கூர் போய்விடும். கைக்கு வராதவர்களுக்காகவே கட்டையில் ஒட்டிய வார்கள் வந்தன. அவற்றின் மேல் பூச விதவிதமான பசைகளும் சந்தைக்கு வந்தன. லண்டனில் ஜார்ஜ் பேக்வுட் என்பவர் 1794-க்கும் 1796-க்கும் இடையில் தன் வாருக்காகப் பத்திரிகைகளில் விடுகதை, உரையாடல், பாட்டு, கதை என்று விதவிதமாக விளம்பரம் செய்து, 1796-இல் அந்த விளம்பரங்களையெல்லாம் தொகுத்துப் புத்தகமாகவே போட்டார். விளம்பரத் தொழிலின் வரலாறு எழுதுபவர்கள் இன்றும் அவரிடமிருந்து தொடங்குவதுண்டு.

வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு கத்திகள், முதுகில் கிழமை பொறித்து, பெட்டியில் அடுக்கி விற்றதும் இந்தக் காலத்தில்தான். தொடர்ந்து உழைத்த எஃகு களைத்துப்போகும், ஓய்வு கொடுத்தால் தேறும் என்று நாவிதர்களும் நம்பினார்கள்.

மெச்சியின் தொழிலைக் கவிழ்த்தது கிரிமியப் போர். 1850-களின் மத்தியில் போர்முனையிலிருந்து தாடியோடு திரும்பிய சிப்பாய்களைப் பார்த்து நாடே தாடி வளர்த்தது. வார் விற்பனை சரிந்தது. அவர் பணம் போட்டிருந்த வங்கியும் முழுகியது. 1856-இல் லண்டன் நகரத்தின் ஷெரீப்பாக இருந்தவர், 1880 டிசம்பரில் கடன்காரராக டிப்ட்ரீயிலேயே இறந்தார்.

தாடி போய் முகச்சவரம் திரும்பியபோது வேறொரு கணக்கு காத்திருந்தது. கிங் கேம்ப் ஜில்லெட் புட்டி மூடி விற்கும் கம்பெனியில் விற்பனையாளர். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருளைக் கண்டுபிடித்தால் வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார் என்று அந்த மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர் அவருக்குச் சொல்லியிருந்தார். 1895-இல் ஒரு காலை, மாசசூசெட்ஸில் தன் வீட்டுக் கண்ணாடி முன் நின்ற ஜில்லெட்டின் கத்தி வாருக்கு மசியாத அளவு மழுங்கியிருந்தது. நாவிதரிடமோ கத்திக்காரரிடமோ கொண்டுபோய்க் கல் பிடிக்க வேண்டிய நிலை. மெல்லிய தகட்டின் இரண்டு பக்கமும் கூர் வைத்து, மழுங்கியதும் எறிந்துவிடலாமே என்று அப்போது தோன்றியதாக அவரே பின்னாளில் எழுதினார். கல் பிடிக்கும் பழக்கம் பல வீடுகளில் ஏற்கனவே விட்டுப்போயிருந்தது என்பதற்கும் அவர் வீடே சாட்சி.

தகடு எஃகை முறுக்காமல் கடினமாக்க வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளருக்கு ஆண்டுகள் பிடித்தன. 1903-இல் விற்றது 51 ரேஸர், 168 பிளேடு. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்குக் கொடுத்தது 35 லட்சம் ரேஸர், 3 கோடியே 20 லட்சம் பிளேடு. நச்சுப்புகைக்கு முகமூடி பொருந்த மழித்த முகம் வேண்டியிருந்தது. ஊர் திரும்பியவர்கள் ரேஸரோடு திரும்பினார்கள்.

தீட்டும் கை அத்தனை எளிதில் அடங்கவில்லை. 1920-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் வந்த ‘ரோல்ஸ் ரேஸர்’ பெட்டியின் ஒரு மூடியில் கல், மறு மூடியில் தோல். நடுவில் இருக்கும் கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் அலகு தானே புரண்டு புரண்டு தீட்டிக்கொள்ளும். 1950-களின் கடைசிவரை அது விற்றது. எறிவதற்கென்றே செய்த பிளேடைக்கூட மக்கள் எறியவில்லை. ‘லில்லிகிராப் ஹோன்’ என்ற குழிந்த கண்ணாடி வில்லையில் அதைத் தேய்த்தார்கள். நம் ஊரில் கண்ணாடி டம்ளரின் உட்பக்கத்தில் விரலால் அழுத்தித் தேய்த்து ஒரே பிளேடை வாரக்கணக்கில் ஓட்டிய பெரியவர்கள் அநேகம். சலூன்களிலும் நாற்காலிக் கையில் வார் தொங்கிய காலம் போய், இப்போது ஆளுக்கொரு பாதி பிளேடை முறித்துக் கத்தியில் செருகுகிறார்கள். நோய்த்தொற்றைத் தடுக்க அது நல்ல மாற்றம்தான், அதில் மறுபேச்சில்லை.

எஃகைவிட 50 மடங்கு மென்மையான மயிர் எப்படி அதை மழுக்குகிறது? 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான்லூகா ரோசியோலி, ஜெம் தாசான் குழு மின்னணு நுண்ணோக்கிக்குள் வைத்துப் பார்த்தது. பிளேடு உருளத் தேய்வதைவிட அதிகமாகச் சில்லுச் சில்லாக உடைகிறது. மயிர் வளைந்து சாய்வாக மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில், மயிரின் ஓரம் படும் புள்ளியில் பிளவு விழுகிறது. சீரான எஃகுக்காக ஹன்ட்ஸ்மன் மூசையில் போராடியது எவ்வளவு சரியான இடத்தில் கை வைத்த வேலை என்று இந்த ஆய்வைப் படித்தால் தெரியும்.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கோட்டிக்யூல் சுரங்கங்கள் ஓய்ந்தன. சாம்ஷாத்தோவில் பழைய கல்லறுக்கும் ஆலையில் அருங்காட்சியகம் வைத்துவிட்டார்கள். 1990-களின் இறுதியில் கல் வெட்டுவது மறுபடி தொடங்கியது. வாங்குபவர்களில் பலர் பழைய பொருள் சந்தையில் துருப்பிடித்த ஷெபீல்டு, சோலிங்கன் கத்திகளைத் தேடி எடுத்து வீட்டில் உயிர்ப்பிப்பவர்கள். அவர்கள் முதலில் பார்ப்பது முதுகை. முதுகில் தேய்மானத் தழும்பு அகன்றிருந்தால் முந்தைய சொந்தக்காரர் அழுத்திப் பிடித்தவர். ஒரு கோடியில் மட்டும் தேய்ந்திருந்தால் கை ஒரு பக்கம் சாய்ந்தவர். வாய் நடுவில் உள்வாங்கியிருந்தால் குறுகலான கல்லில் நேராகவே தள்ளியவர். 1000 எண் கல்லில் சரிவை மறுபடி அமைத்து, 4000, 8000 என்று மேலும் நுணுக்கமான கற்களுக்கு ஏறி, இயற்கைக் கல்லில் முடித்து வாருக்குப் போவார்கள். துரு வாய்வரை அரித்திருந்தால் வாய் நிற்காது, புள்ளிப் புள்ளியாக உதிரும். யாரோ மின்சாணையில் வைத்து அலகு நீலம் பாரித்திருந்தால் எஃகின் பதம் போயிற்று, எத்தனை தீட்டினாலும் வராது. இந்த இரண்டும் இல்லாத கத்தி, நூறு வருடம் பெட்டிக்குள் கிடந்ததாக இருந்தாலும், ஒரு நாள் மாலை வேலையில் முகத்துக்கு வந்துவிடுகிறது.